குமுளி ஹோம்ஸ்டேயில வேகாத கோழிக்கு 74 டிகிரி காட்டின மீட் புரோப்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம் குமுளி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, செக்போஸ்ட் தாண்டினா கேரளா. தேக்கடிக்கு வர்ற வெளிநாட்டு ஆளுங்கள நம்பி ஓடுற சின்ன ஹோம்ஸ்டே, ஓனர் மலையாளி, அடுப்படிய மொத்தமா பாத்துக்கிற அக்கா கூடலூர்க்காரங்க (நம்ம தேனி மாவட்டக் கூடலூர்), கூடமாட வேலைக்கு அசாம்ல இருந்து வந்த ஒரு பையன். எனக்கு கம்பத்துல அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஓவன் சர்வீஸ் வேலை, மலைக்கு மேல இருக்கிற ஹோம்ஸ்டேக்காரங்க நெறைய பேர் கூப்பிடுவாங்க. ஆளுங்க பேரும் ஓவன் கம்பெனி பேரும் இங்க போடல, அது தேவையும் இல்ல, ஏன்னா இந்த கோளாறு மீட் புரோப் (கறிக்குள்ள குத்தி நடுச்சூட்ட பாக்கிற கம்பி) இருக்கிற எந்த ஓவன்லயும் வரலாம்.

ஓவன் சுவத்துக்குள்ள பதிக்கிற எலக்ட்ரிக் மாடல். உள்ள இடது பக்கச் சுவர்ல மேலாக ஒரு சாக்கெட், அதுல புரோப்போட பின்ன சொருகிட்டு கம்பிய கறியோட நடுவுல குத்தி வெக்கணும். கறிக்கு எத்தன டிகிரி வேணும்னு செட் பண்ணிட்டா, அந்த சூடு வந்ததும் ஓவன் சத்தம் குடுத்து தானே அணைஞ்சிடும். முழுக் கோழி, வாத்து, ஆட்டுத்தொடைன்னு பெருசா வெச்சு ரோஸ்ட் பண்றவங்களுக்கு ரொம்ப உதவியான விஷயம், வெளிய செவந்து உள்ள வேகாம இருக்குதான்னு கிழிச்சுப் பாக்க வேண்டியதில்ல.

இதுல ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்கணும். ஓவனுக்குள்ள சூடு அளக்கிற சென்சார் ரெண்டு இருக்கு. ஒண்ணு பின் சுவர்ல நிரந்தரமா நிக்கிறது, அது ஓவனுக்குள்ள இருக்கிற காத்தோட சூட்டப் பாக்குது. இன்னொண்ணு இந்த மீட் புரோப், அது கறியோட நடுச்சூட்ட மட்டும் பாக்குது. ரெண்டுக்கும் வயர் தனி, கணக்கு தனி, ஒண்ணு கெட்டா இன்னொண்ண மாத்தி பிரயோஜனமே இல்ல.

இந்த மாடல் புரோப் முனையில இருக்கிறது என்டிசி தெர்மிஸ்டர், சூட்டுக்குத் தகுந்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் (கரண்ட தடுக்கிற அளவு, ஓம் கணக்கு) மாறுற சின்ன பார்ட். சூடு ஏற ஏற இதோட ரெசிஸ்டன்ஸ் குறையும். சர்வீஸ் ஷீட் படி 25 டிகிரியில 100 கிலோஓம், ஐஸ் தண்ணியில கிட்டத்தட்ட 335 கிலோஓம், 97 டிகிரியில 7.6 கிலோஓம் சுமார் வரும். இந்த எண்ணுங்கள ஞாபகத்துல வெச்சுக்குங்க, பின்னாடி முழு விஷயமும் இதுலதான் நிக்குது.

முதல்ல என்ன நடந்துச்சு

டிசம்பர் நடுவுல ஒரு சாயங்காலம் முழுக் கோழி ரோஸ்ட். புரோப்ப தொடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல குத்தி 74க்கு செட் பண்ணியிருக்காங்க. கோழிக்கு நடுப்பகுதி 74 டிகிரி தொடணும்ங்கிறது அமெரிக்க விவசாயத் துறை சொல்ற அளவு, உலக சுகாதார நிறுவனம் பொதுவா 70 டிகிரின்னு சொல்லுது, எப்படி வெச்சாலும் அதுக்குக் கீழ எடுத்தா சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் மாதிரி கிருமி உயிரோட இருக்க வாய்ப்பு உண்டு. ஓவன் இருபது நிமிஷம் சொச்சத்துல 74 வந்துருச்சுன்னு சத்தம் குடுத்து அணைஞ்சிருச்சு.

அந்த அக்கா அத நம்பல. பின்னாடி என்கிட்ட சொன்னது, "ரெண்டு கிலோ கோழி இருபது நிமிஷத்துல வேகுமா தம்பி? மேல தோலே செவக்கலயே." தொடைச் சந்துல கத்திய விட்டுப் பாத்தா ரத்தம் கலந்த தண்ணி வந்துருக்கு. உடனே திரும்ப உள்ள வெச்சு, புரோப்ப கழட்டிட்டு டைம் பாத்து வேக வெச்சு, கெஸ்டுங்களுக்கு லேட்டா சாப்பாடு போயிருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆகாததுக்குக் காரணம் அந்த அக்காவோட கைப்பழக்கம்தான், ஓவன் இல்ல. மெஷின் சொல்லிருச்சுன்னு தட்டுல வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா எனக்கு இப்பவும் பயமா இருக்கு.

இதுக்கப்புறம் இன்னொரு தொந்தரவும் சேந்துக்கிச்சு. புரோப்ப சொருகாமலே டிஸ்ப்ளேயில புரோப் படம் எரிய ஆரம்பிச்சுது. அப்படி எரிஞ்சா சாதாரணமா கேக், பிரெட் போடுற மோட் வேல செய்யாது, ஓவன் கறிச்சூட்டயே கேட்டுட்டு நிக்கும். காலையில வராது, ஆவி அதிகமா வர்ற சமையல் முடிஞ்சதும் வரும், மறுநாள் காலையில தானா போயிரும்.

முன்னாடி செஞ்ச ரிப்பேர்

என்ன கூப்பிடுறதுக்கு முன்னாடி உள்ளூர் எலக்ட்ரீசியன் ஒருத்தர் வந்து பாத்துருக்காரு. புரோப்ப கொதிக்கிற தண்ணியில விட்டா டிஸ்ப்ளேயில 97 காட்டிச்சு. தண்ணி 100ல கொதிக்கணும், 3 டிகிரி குறைக்குது, அப்ப சென்சார் போச்சுன்னு முடிவு பண்ணி பின் சுவர் சென்சார மாத்திட்டுப் போயிட்டாரு. தொந்தரவு அப்படியே இருந்துச்சு.

இதுல ரெண்டு விஷயம் கலந்து போச்சு. ஒண்ணு, மாத்தினது சம்பந்தமில்லாத சென்சார். இன்னொண்ணு, 97ங்கிறது தப்பே இல்ல. குமுளி கடல்மட்டத்துக்கு சுமார் 900 மீட்டர் மேல இருக்கு, 300 மீட்டர் ஏறினா தண்ணி கொதிக்கிற சூடு ஏறக்குறைய 1 டிகிரி குறையும், அதனால அங்க தண்ணி 97லதான் கொதிக்கும். எறங்கி கம்பத்துக்கு வந்தா 99 கிட்ட. மலையில அடுப்பு சர்வீஸ் பண்றவங்க எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கணும், மூணாறு வால்பாறை பக்கம்னா இன்னும் குறையும். அதோட, புரோப் குறைச்சுக் காட்டினா கறி அதிகமா வேகும், இங்க நடந்தது அதுக்கு நேர் எதிர். 97 சரியோ தப்போ, அதால இந்தக் கோழி பச்சையா நிக்க முடியாது.

நான் போய் கேட்டது

போன உடனே ஓவன பிரிக்கல. அக்காகிட்ட அன்னிக்கு நடந்தத முதல்ல இருந்து சொல்லச் சொன்னேன். அவங்க சொன்னதுல ஒரு வரிதான் வழி காட்டிச்சு: அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி ஆட்டுத்தொடை வெச்சப்ப நம்பர் வேகமா ஏறிட்டு, அப்புறம் எறங்கி, மறுபடி மெதுவா ஏறிச்சாம். "எறங்கினது நான் கண்ணால பாத்தேன் தம்பி, கதவ கூட தொறக்கல." அப்ப செட் பண்ணியிருந்த டார்கெட் பெருசா இருந்ததால ஓவன் அணையல, அதனால யாரும் பெருசா எடுத்துக்கல.

180 டிகிரி ஓவனுக்குள்ள, கதவு மூடியிருக்க, கறியோட நடுச்சூடு எறங்கவே எறங்காது. மெதுவா ஏறலாம், நிக்கலாம், ஆனா எறங்க வழியில்ல. அப்ப டிஸ்ப்ளேயில எறங்கினா அது கறியோட சூடு இல்ல, வயர்லயோ சாக்கெட்லயோ நடக்கிற வேற ஏதோ ஒண்ணு. முதல்ல வந்து அப்புறம் தானா போறதுன்னா ஈரம்தான் முதல் சந்தேகம்.

அடுத்து கேட்டது, புரோப்ப எப்படி கழுவுறீங்க. உதவிக்கு இருக்கிற பையன் மத்த பாத்திரத்தோட சேத்து சோப்புத் தண்ணி பேசின்ல ஊறப் போட்டு கழுவிட்டு இருந்துருக்கான், முழுசா, பின்னோட சேத்து. அவன குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, கரண்டி மாதிரி இருக்கு, கரண்டியோட கழுவினான். ஓவன் மாட்டின கம்பெனி ஆளு வந்தப்ப அவன் அங்க வேலைக்கே சேரல.

தனித்தனியா பிரிச்சுப் பாத்தது

சந்தேகம் மூணு இடத்துல: புரோப், சாக்கெட், போர்டு (ஓவனோட கண்ட்ரோல் சர்க்யூட்). மூணும் ஒண்ணா மாட்டியிருக்கிற வரைக்கும் யார் மேல தப்புன்னு சொல்லவே முடியாது, அதனால போர்டுல இருந்து ஆரம்பிச்சேன், ஏன்னா செலவு அதிகமான பார்ட் அதுதான், அது நல்லாயிருக்குன்னு முதல்ல உறுதி பண்ணிட்டா ஓனருக்கும் நிம்மதி.

எம்சிபிய (அந்த லைனோட ட்ரிப் ஸ்விட்ச்) ஆஃப் பண்ணி, டெஸ்டர் வெச்சு கரண்ட் இல்லன்னு பாத்துட்டுத்தான் பின் கவர கழட்டினேன். இத சும்மா சொல்லல, இந்த ஓவனுங்க 16 ஆம்பியர் லைன்ல ஓடுது, ஸ்விட்ச் மட்டும் அணைச்சா பத்தாது. போர்டுல சாக்கெட்டுக்குப் போற கனெக்டர உருவிட்டு அந்த இடத்துல புரோப்புக்குப் பதிலா சாதாரண ரெசிஸ்டர மாட்டி, கவர மூடி, கரண்ட் குடுத்துப் பாத்தேன். 100 கிலோஓம் வெச்சா டிஸ்ப்ளே 25 காட்டணும், 25 காட்டிச்சு. 10 கிலோஓம் வெச்சா கணக்குப்படி 88, 88 காட்டிச்சு. 330 கிலோஓமுக்கு 0. மூணும் அசையாம நின்னுச்சு. போர்டு நல்லாயிருக்கு.

அடுத்து சாக்கெட். இந்த சாக்கெட்டுக்கு வர்ற பின் மைக்செட்டுக்கு வர்ற அதே பெரிய மைக் பின்னுதான், 6.35 மில்லிமீட்டர். கம்பத்துல மைக்செட் கடையில ஒரு பின் வாங்கி அதுக்குள்ள 330 கிலோஓம் ரெசிஸ்டர வெச்சு பத்தவெச்சு எடுத்துட்டுப் போயிருந்தேன், இருபது முப்பது ரூபா சாமான், இத விட உபயோகமான டூல் இந்த வேலைக்கு இல்லன்னு சொல்வேன். கனெக்டர திரும்ப மாட்டிட்டு சாக்கெட் வழியா இந்தப் பின்ன சொருகினா 0 காட்ட வேண்டிய எடத்துல 6 காட்டிச்சு. பின்ன எடுத்துட்டு, போர்டுல இருந்து கழட்டி, சாக்கெட்ட மட்டும் மீட்டர்ல பாத்தா 900 கிலோஓம் கிட்ட. ஒண்ணுமே சொருகாத சாக்கெட் மீட்டர்ல முழு ஓப்பன், அதாவது கரண்ட் போக வழியே இல்லன்னு காட்டணும். டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள கொழுப்பு தெறிச்சு கருகி பூசின மாதிரி ஒட்டியிருக்கு. சாக்கெட்டுக்கு இருந்த மூடி எப்பவோ தொலஞ்சு போச்சாம். ஆவி பட்டா அந்தக் கருகின படலம் இன்னும் நல்லா கரண்ட கடத்தும், போர்டு அத புரோப் சொருகியிருக்குன்னு எடுத்துக்கும். சொருகாமலே படம் எரிஞ்சதுக்குக் காரணம் கெடச்சிருச்சு. ஆனா 6 டிகிரி வித்தியாசம் ஐஸ் சூட்டுல மட்டும்தான் வரும், கோழிய பச்சையா எறக்கி வெக்க இது மட்டும் பத்தாது.

ஐஸ் தண்ணி சொன்னது

கடைசியா புரோப். அத ஒரு வாரமா யாரும் தொடல, ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு, நல்லா காஞ்சிருந்துச்சு. மீட்டர்ல ரூம் சூட்டுக்கு 113 கிலோஓம், சரி. கொதிக்கிற தண்ணியில 7.6, சரி. ஐஸ் தண்ணியில 333, அதுவும் சரி. இங்கதான் நெறைய பேர் புரோப் நல்லாயிருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க.

நான் அந்தப் பையன கூப்பிட்டு, தெனமும் எப்படி கழுவுவியோ அப்படியே இப்ப கழுவுன்னு சொன்னேன். ஊறப் போட்டான், கழுவினான், துணியில தொடச்சுக் குடுத்தான். வெளிய சொட்டு ஈரம் இல்ல. மறுபடி கொதிதண்ணியில விட்டா 7.5 கிலோஓம், டிஸ்ப்ளே கணக்குக்கு 97தான், குறையே சொல்ல முடியாது. ஐஸ் தண்ணியில விட்டேன். 335 இருக்க வேண்டியது 195ல நின்னுச்சு. அதாவது 0 டிகிரிய 11 டிகிரின்னு சொல்லுது.

ஏன் ஐஸ்ல மட்டும் தெரியுதுங்கிறத வெளக்கிச் சொல்லணும். பின்னோட கைப்பிடிக்குள்ள, வயர் நுழையுற எடத்துல சீல் விட்டுப்போய் சோப்புத் தண்ணி உள்ள நின்னுருக்கு. அந்த ஈரம் தெர்மிஸ்டருக்குப் பக்கத்துல இன்னொரு பாதைய போட்டுடுது, கிட்டத்தட்ட 465 கிலோஓம் உள்ள ஒரு திருட்டுப் பாதை. நம்ம ஊர் வாய்க்கால்ல தண்ணி நெறஞ்சு ஓடும்போது கரையில சின்ன ஓட்ட இருந்தா கடைமடைக்கு ஒண்ணும் தெரியாது, தண்ணி ஒல்லியா வர்ற நாள்ல அதே ஓட்ட பாதி தண்ணிய கொண்டு போயிடும். அப்படித்தான் இது. சூடா இருக்கும்போது தெர்மிஸ்டர் 7 கிலோஓம், கரண்ட் தாராளமா அது வழியா போகுது, 465 கிலோஓம் பாதைய யாரும் கண்டுக்கல. குளிர்ல தெர்மிஸ்டரே 335 கிலோஓம், அப்ப திருட்டுப் பாதையும் சமமா இழுக்குது. அதனால என்டிசி புரோப்புல ஈரக் கசிவு இருக்கான்னு தெரியணும்னா ஐஸ் தண்ணிதான் சரியான டெஸ்ட், கொதிதண்ணி இத கண்டுபிடிக்காது. எல்லாரும் செய்யுறது கொதிதண்ணி மட்டும்தான்.

சரி, 465 கிலோஓம் கசிவால கறிச்சூட்டுல பெரிய தப்பு வராதேன்னு அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. பாத்திரத் தண்ணியில விடும்போது முனை மட்டும்தான் சூடாகுது, ஓவனுக்குள்ள கைப்பிடி, வயர், பின் எல்லாமே 180 டிகிரி காத்துல கெடக்குது. உள்ள இருக்கிற சோப்புத் தண்ணி ஆவியாகி பின்னுக்குள்ள எல்லா எடமும் பரவும்போது அந்தத் திருட்டுப் பாதை ரொம்ப அகலமாயிடும். இத வாயால சொன்னா பத்தாது, ஓனர் புதுசு வாங்கணும்னா கண்ணால பாக்கணும், எனக்கும் உறுதியாகணும்.

சேனைக்கிழங்கு வெச்சுப் பாத்தது

கோழிய வீணாக்க மனசில்ல, கடையில இருந்து சேனைக்கிழங்கு வாங்கி கையளவு பெரிய துண்டா வெட்டி, ஈரமான அதே புரோப்ப ஒரு பக்கம் நடுவரைக்கும் குத்தினேன். பக்கத்துலயே என் மீட்டரோட கே டைப் தெர்மோகப்பிள் (சூடு அளக்கிற ஒல்லி வயர் சென்சார்) வயர் முனைய அதே ஆழத்துல விட்டு, ஒல்லி வயர்ங்கிறதால கதவு ரப்பர் நடுவுல வெளிய எடுத்துட்டேன். சாக்கெட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால நல்லா தொடச்சு, கசிவுப் பாதையோட ரெசிஸ்டன்ஸ 5 மெகாஓமுக்கு மேல ஏத்திட்டுத்தான் (அதாவது கசிவு ரொம்ப குறைஞ்ச பிறகுதான்) இத ஆரம்பிச்சது, இல்லன்னா ரெண்டு கோளாறும் கலந்துரும். டார்கெட்ட 95ல வெச்சேன், நடுவுல அணையக்கூடாதுல்ல.

14 நிமிஷத்துல ஓவன் டிஸ்ப்ளே 51, என் மீட்டர் 30. இருபதாவது நிமிஷம் டிஸ்ப்ளே 76, மீட்டர் 38. அதாவது 74க்கு செட் பண்ணியிருந்தா அந்த நேரத்துல ஓவன் வெந்துருச்சுன்னு சொல்லி அணைஞ்சிருக்கும், உள்ள வெறும் 38 டிகிரி, நம்ம உடம்புச் சூடு. அதுக்கப்புறம் டிஸ்ப்ளே எறங்க ஆரம்பிச்சுது. 32வது நிமிஷம் 55, மீட்டர் 52. 40 நிமிஷத்துல ரெண்டும் 60 கிட்ட ஒண்ணா வந்து அங்க இருந்து ஒண்ணாவே போச்சு, ஏன்னா அதுக்குள்ள ஈரம் முழுசா காஞ்சிருச்சு.

அக்கா பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தாங்க. "இதே மாதிரிதான் எறங்கிச்சு"ன்னாங்க.

மறுநாள் அதே புரோப்ப கழுவாம, நல்லா காஞ்ச நெலையில, புதுத் துண்டு சேனையில வெச்சு இன்னொரு தடவ ஓட்டினேன். முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ரெண்டு நம்பரும் 2 டிகிரிக்குள்ள. ஈரம் தவிர வேற காரணம் இல்லன்னு அதோட முடிஞ்சிருச்சு.

எடுத்த முடிவும் காரணமும்

ஓனர் சேட்டன் கேட்டது, "அண்ணா, அப்போ உணக்கி எடுத்தா போதுமே, எதுக்கு புதுசு?" காயவெச்சா வேல செய்யுதுதானே, கேள்வி சரிதான். நான் ஒத்துக்கல. காரணம் இந்தக் கோளாறு எந்தப் பக்கம் சாயுதுங்கிறது. புரோப் வயர் அறுந்துபோனா ஓவன் எரர் காட்டி நின்னுரும், சாப்பாடு லேட்டாகும், அவ்வளவுதான். ஆனா என்டிசியில கசிவு வந்தா ரெசிஸ்டன்ஸ் குறையும், குறைஞ்சா சூடு அதிகம்னுதான் போர்டு படிக்கும், அதாவது எப்பவுமே வேகாதத வெந்துருச்சுன்னு சொல்ற பக்கமேதான் தப்பு போகும். எரரும் வராது. சீல் விட்டுப்போன புரோப் அடுத்த தடவ யாரோ ஒருத்தர் தெரியாம தண்ணியில போட்டா மறுபடி இதே. ஆள் மாறிட்டே இருக்கிற அடுப்படியில அத நம்பி விட முடியாது. அதனால அத அங்கயே வயர வெட்டிப் போட்டேன், பின்னாடி யாரும் எடுத்து உபயோகிக்கக் கூடாதுன்னு.

சாக்கெட்டையும் மாத்தச் சொன்னேன். தொடச்சதுல ரெசிஸ்டன்ஸ் மேல வந்துச்சே தவிர முழு ஓப்பன் ஆகல, கருகினது பிளாஸ்டிக்குக்குள்ளயே எறங்கிருச்சு, ஆவி பட்டா மறுபடி வரும்.

கிறிஸ்துமஸ் பக்கத்துல இருந்துச்சு, ரூம் எல்லாம் புக் ஆயிருச்சு, பார்ட் கொச்சியில இருந்து வரணும், சபரிமலை சீசன் வேற, மலை ரோட்டுல வண்டிய மாத்தி கம்பம்மெட்டு சுத்தி விடுற நேரம். மதுரையில ஒரு கடையில அதே மாதிரி பின் உள்ள பொது புரோப் இருக்குன்னு சேட்டன் ஆள் விட்டு வாங்கிட்டும் வந்துட்டாரு. பாக்க ஒரே மாதிரி, சாக்கெட்ல கச்சிதமா உக்காருது. மீட்டர்ல வெச்சா ரூம் சூட்டுலயே 23 கிலோஓம். இந்த போர்டுக்கு 23 கிலோஓம்னா 62 டிகிரி. மேசை மேல சும்மா கெடக்கும்போதே 62 காட்டுற புரோப்! தெர்மிஸ்டர் மதிப்பு கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும், சில ஓவன்ல தெர்மிஸ்டரே இல்லாம பிளாட்டினம் சென்சார் இருக்கும், அதுல சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸும் ஏறும், எல்லாமே தலைகீழ். பின் சைஸ் ஒத்துப் போனா போதும்னு வாங்கவே கூடாது. அத திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டேன்.

பார்ட் வர்ற வரைக்கும் செஞ்சது இதுதான்: சாக்கெட் கனெக்டர போர்டுல இருந்து கழட்டி, முனைய சூடு தாங்குற ஸ்லீவ் போட்டு மூடி ஓரமா கட்டிட்டேன். போர்டுக்கு புரோப்பே இல்லன்னு ஆயிருச்சு, அந்தப் படம் எரியுறது நின்னுச்சு, மத்த மோட் எல்லாம் ஓடிச்சு. கறிக்கு, குத்திப் பாத்து சில வினாடியில சூடு சொல்ற கையில பிடிக்கிற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கச் சொன்னேன். அத ஐஸ் தண்ணியிலயும் கொதிதண்ணியிலயும் விட்டுப் பாத்து 0, 97 வருதுன்னு அக்காவுக்கும் காட்டிட்டுத்தான் குடுத்தேன்.

அப்புறம் என்ன ஆச்சு

கிறிஸ்துமஸுக்கு வாத்து ரோஸ்ட் அந்தக் கைத் தெர்மாமீட்டர வெச்சுத்தான் நடந்துச்சு. தொடை எலும்புக்குப் பக்கத்துல, எலும்புல படாம குத்தி 74 வந்த பிறகு எறக்கினாங்க. எலும்புல முனை பட்டா நம்பர் கறியோடது இல்லாம மாறிப்போகும், இத அக்கா ஒரே தடவையில புடிச்சுக்கிட்டாங்க.

புது வருஷம் தாண்டித்தான் பார்ட் வந்துச்சு, ஓவனோட பார்ட் நம்பர் சொல்லி வரவெச்ச புரோப்பும் மூடியோட சாக்கெட்டும். மாட்டின உடனே வெறும் சாக்கெட் முழு ஓப்பன், 330 கிலோஓம் பின்னுக்கு 0, புரோப் ஐஸ்ல 0, கொதிதண்ணியில 97. அதோட விடாம சேனைத் துண்டு வெச்சு முழுசா ஓட்டி, டிஸ்ப்ளே எந்த எடத்துலயும் எறங்காம என் மீட்டரோட ஒட்டிப் போகுதான்னு பாத்துட்டுத்தான் பில் போட்டேன்.

முன்னாடி மாத்தின பின் சுவர் சென்சார் நல்லா வேல செஞ்சுது, அத தொடல. அந்தச் செலவு ஓனருக்கு தண்டம்தான்.

இனிமே மாத்திக்கிட்டது

கழுவுற முறைய மாத்தினோம். கம்பிய மட்டும் சோப்புத் துணியால தொடச்சு ஈரத்துணியால எடுக்கணும், கைப்பிடி, வயர், பின் மூணும் தண்ணிக்குள்ள போகக் கூடாது, பாத்திரம் கழுவுற மெஷின்லயும் போடக் கூடாது, வயரப் புடிச்சு இழுக்காம பின்னப் புடிச்சு உருவணும், வேல இல்லாதப்ப சாக்கெட்டுக்கு மூடி. இத முதல்ல தமிழ்லயும் மலையாளத்துலயும் எழுதி சிங்க் மேல ஒட்டினாங்க, ஆனா கழுவுறது அந்த அசாம் பையன், அவனுக்கு ரெண்டும் படிக்கத் தெரியாது. அதனால படமா வரைஞ்சு, தண்ணிக்குள்ள போகக்கூடாத பாகத்துக்கு செவப்புல கோடு போட்டு ஒட்டச் சொன்னேன். புரோப் தொங்குறதும் இப்ப பாத்திர ஸ்டாண்டுல இல்ல, ஓவன் பக்கத்துல தனி ஆணியில, பேசின் பக்கமே போகாது.

வாரம் ஒரு தடவ ஒரு டம்ளர் நெறைய ஐஸ் போட்டு கொஞ்சம் தண்ணி விட்டு, கலக்கிட்டு, புரோப் முனைய அதுல ரெண்டு நிமிஷம் வெச்சு டிஸ்ப்ளேய பாக்குறாங்க. 0, 1 வந்தா சரி, 3க்கு மேல போனா புரோப்ப உபயோகிக்காம எனக்கு போன். ஐஸ் ஓவனோட அடித்தட்டு மேலயே வெச்சுப் பாக்கலாம், கதவு தொறந்திருக்கட்டும், ஹீட்டர் ஓடக் கூடாது. ஓவன் நம்பர் சரியா காட்டினாலும் கோழி, வாத்து எறக்குறதுக்கு முன்னாடி கைத் தெர்மாமீட்டர் ஒரு குத்து, அது அக்காவே வெச்சுக்கிட்ட பழக்கம்.

என் வேலையில மாத்தினது, புரோப் கம்ப்ளெயிண்ட் போன்ல வந்தா முதல்ல ரெண்டே கேள்விதான்: நம்பர் ஏறிட்டு எறங்குச்சா, எதுல போட்டு கழுவுறீங்க. அந்த ரெண்டு பதில்லயே எந்த பார்ட்ட எடுத்துட்டு மலை ஏறணும்னு பாதி தெரிஞ்சிரும். மைக் பின் ரெசிஸ்டர் இப்ப மூணு மதிப்புல பைக்குள்ளயே கெடக்குது.

சேட்டனுக்கு வண்டிப்பெரியார் ரோட்டுல இன்னொரு எடம் இருக்கு, அங்கயும் இதே மாடல் ஓவன். ஈஸ்டருக்கு முன்னாடி அதையும் போய் பாத்தேன். புரோப் ஐஸ்ல 0 காட்டிச்சு, நல்லாயிருக்கு. சாக்கெட் மூடி அங்கயும் காணோம், மீட்டர்ல 2 மெகாஓம் கிட்ட கசிவு ஆரம்பிச்சிருந்துச்சு, கொழுப்பு இன்னும் கருகாததால தொடச்சதும் முழு ஓப்பன் ஆயிருச்சு. மூடி மட்டும் ஆர்டர் போட்டுட்டு, அது வர்ற வரைக்கும் தொறந்த சாக்கெட்டுல கொழுப்பு தெறிக்காம இருக்க, புரோப்ப சொருகாதப்ப ரோஸ்ட் போட வேண்டாம்னு சொல்லிட்டு எறங்கினேன்.